எட்டுக் கிலோ

முதலில் குழந்தை உட்காரும் அந்த சீட்டைக் காருக்குள் நுழைப்பதற்கே மயில்சாமிக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. கடையில் பார்த்தபோது கைக்கு அடக்கமாகத்தான் இருந்தது. வீட்டு முன்னால் வேப்பமர நிழலில் காரை நிறுத்தி, பின்கதவைத் திறந்து வைத்து நுழைத்தால் மேலே இடிக்கிறது, கீழே இடிக்கிறது, திருப்பினால் கதவுக் கைப்பிடியில் மாட்டுகிறது. அட கெரகமே என்று வெளியே இழுத்துத் தலைகீழாக விட்டதும் வழுக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டது. இதை முதலிலேயே செய்திருக்கலாம். எதைத்தான் முதலிலேயே செய்தான் அவன்? கல்யாணமான கொஞ்ச வருஷத்திலேயே தத்துக்கு எழுதிப் போட்டிருந்தால் இந்நேரம் பிள்ளை ஹைஸ்கூல் போயிருக்கும், கணக்கில் பெயிலாகி வந்து நின்றிருக்கும். அதை விட்டுவிட்டு கோயமுத்தூருக்கும் ஈரோட்டுக்கும் டாக்டர் டாக்டராக அலைந்து, ஊசி போட்டுப் போட்டு வசந்தாமணியின் இடுப்பைச் சல்லடையாக்கி, யார் யாரோ சொன்ன கோயிலுக்கெல்லாம் போய்த் தொட்டில் கட்டி, கடைசியில் அவனுக்கு நாற்பத்து நாலு, அவளுக்கு நாற்பத்தொன்று, இரண்டு பேருக்கும் காதோரம் வெளுத்த பிறகு, சேலத்தில் ஒரு இல்லத்தில் பதினோரு மாதப் பெண் குழந்தை ஒன்று இவர்களுக்கு மகளாகப் போகிறது. நாளைக்குக் காலையில். இன்று ஞாயிற்றுக்கிழமை, கம்பெனி லீவு, மத்தியானச் சோறு இறங்கவில்லை, அதனால்தான் வெயில் தாழும்வரைகூடப் பொறுக்காமல் கீழே வந்து நிற்கிறான்.

சேலத்துக்கும் திருப்பூருக்கும் நடுவில் பெரிய ரோடு. லாரி, கண்டெய்னர், குறுக்கே வருகிற பைக்கு, எதிர்த் திசையில் வருகிற டிராக்டர். இருபது வருஷப் பழைய கார். இன்ஜின் நல்ல இன்ஜின், அதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்ல முடியாது, ஆனால் இரும்பு இரும்புதானே, இடித்தால் இடித்ததுதான். புதுக் கார்களில் குழந்தை சீட்டை மாட்டுவதற்கென்றே சீட்டு மடிப்புக்குள் இரும்பு வளையம் வைத்து அனுப்புகிறார்களாம், சீட்டின் கொக்கியை அதில் செருகினால் கிளிக் என்று பூட்டிக்கொள்ளுமாம், கோயமுத்தூர்க் கடையில் அந்தப் பையன் சொன்னபோதுதான் அவனுக்கே தெரியும். சட்டைப் பையில் பேனாவும் வாயில் சிரிப்புமாக நின்ற பையன். “உங்க வண்டி எந்த வருஷ மாடலுங்க சார்?” சொன்னான். பையனின் சிரிப்பு ஒரு சுற்று இளைத்தது. “அப்ப வளையம் இருக்காதுங்க சார், பெல்ட்டுல மாட்டற டைப்புதான் பாக்கோணும்.” சரி என்று பையனோடு அந்த வரிசைக்குப் போனான். சிவப்பு, கறுப்பு, சாம்பல், முதுகு நிமிர்ந்தது, முதுகு சாய்ந்தது, முன்னால் பார்த்து உட்காருவது, பின்னால் பார்த்து உட்காருவது. இந்த வயசுக் குழந்தையைப் பின்னால் பார்த்துத்தான் உட்கார வைக்க வேண்டுமாம், கழுத்து இன்னும் பிஞ்சாம், முன்னால் பார்த்து வைத்தால் சடாரென்று நிற்கும்போது தலை தனியாக முன்னால் போகுமாம். தலை தனியாக. அந்தப் பையன் அதை ஏதோ மழை வரும்போல என்பதுமாதிரி சொல்லிவிட்டு, “பாப்பா வெயிட்டு எவ்வளவுங்க சார்?” என்று கேட்டான். எட்டுக் கிலோ. அது தெரியும், இல்லத்தில் சொன்னார்கள். “உசரம்?” தெரியாது. “பாப்பாவக் கூட்டியாந்திருந்தீங்கன்னா உக்கார வெச்சே பாத்திருக்கலாமுங்க சார்.” கூட்டி வந்திருக்கலாம்தான். மயில்சாமி சாம்பல் கலரின் வாரைப் பிடித்து இழுத்துப் பார்த்தான். தையல் நல்ல தையல், மூன்று வரிசை, நூல் பிசிறு இல்லை. அதைப் பார்த்துத்தான் வாங்கினான். மற்ற எதுவும் அவனுக்குப் புரியவில்லை, தையல் புரிந்தது.

இப்போது பெல்ட். இடது பக்கத் தூணிலிருந்து பெல்ட் வருகிறது, பழுத்துப் போயிருந்தாலும் வருகிறது, உதறினால் தூசி பறக்கிறது, இழுத்து விட்டால் சுருண்டு உள்ளே போகிறது, அதெல்லாம் சரி. அதைச் செருகுவதற்கு உண்டான பூட்டு எங்கே? சீட்டு மடிப்புக்குள் கையை விட்டுத் துழாவினான். கடலைத் தோல், வசந்தாமணியின் ஒரு ஹேர்பின், பழனி போன போது வாங்கிய விபூதிப் பொட்டலம், எப்போதோ தொலைந்த பைக் சாவி. பூட்டைக் காணோம். அந்தப் பக்கம் துழாவினான். அங்கும் இல்லை. சரிதான், கழற்றி விற்றுத் தின்றுவிட்டான் போல என்று காரை விற்ற புண்ணியவானை நாலு வார்த்தை திட்டிக்கொண்டே மறுபடி கையை ஆழமாக விட்டபோது, ரெக்சினுக்கு அடியில், உள்ளங்கைக்குக் கீழே, கெட்டியாக ஒரு புடைப்பு தட்டுப்பட்டது. அமுக்கிப் பார்த்தான். கெட்டியாகவே இருந்தது. அப்போதுதான் ஞாபகம் வந்து, காதுமடல் சுட்டது. யாரும் கழற்றவில்லை. இவன்தான். காரை வாங்கின ஜோரில் சீட் கவர் தைக்கப் போன இடத்தில், மெரூன் கலர், நடுவில் வெள்ளைக் கோடு, எல்லாம் பார்த்துப் பார்த்துச் சொன்னவன், “பின்னால பூட்டெல்லாம் துருத்திக்கிட்டு இருந்தா உக்காரும்போது குத்துமுங்க, அசிங்கமாவும் இருக்குது, அதையெல்லாம் கவருக்குள்ள போட்டு நீட்டாத் தச்சுருங்க, பின்னால எவன் பெல்ட்டுப் போடப் போறான்” என்று சொன்னான். கடைக்காரர் அதற்கு ஆமாங்க எல்லாரும் அப்படித்தானுங்க என்றார். ஊரில் பாதிக் காருக்கு இதே கதிதான், நீங்கள் ஏறி உட்காருகிற கால் டாக்ஸியிலும் கையை விட்டுப் பாருங்கள். தைத்து முடித்ததும் எவ்வளவு அழகாக இருந்தது! வீட்டுக்கு வந்து வசந்தாமணியைக் கூப்பிட்டு ஒரு சுருக்கம் இருக்குதா பாரு என்று பெருமை வேறு அடித்துக்கொண்டான். அவள் அன்றைக்குப் பின்சீட்டை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிள்ளைங்க ஓடி விளையாடற வீடா, அழுக்காகாது என்றாள். அப்படிச் சொன்னாளா, அல்லது அவன் இப்போது அவள் வாயில் போட்டுப் பார்க்கிறானா தெரியவில்லை.

அவன் வேலையைச் சொல்லாமல் விட்டால் இது புரியாது. பனியன் கம்பெனியில் செக்கிங் செக்‌ஷன் சூப்பர்வைசர். அதுவும் குழந்தைத் துணி செக்‌ஷன். கப்பலில் ஏறிப் போகிற குட்டிக் குட்டி பனியன், ஜட்டி, தொப்பி. ஒவ்வொரு கட்டிலிருந்தும் ஒன்றை உருவி, தோளில் இருக்கிற பட்டனைக் கொக்கியில் மாட்டி, எடை தொங்கவிட்டு, பத்து எண்ணுவான். பட்டன் பிய்ந்து வந்தால் மொத்தக் கட்டும் திரும்பப் போகும். ஏனென்றால் எங்கேயோ பனி பெய்கிற ஊரில் ஒரு குழந்தை அந்தப் பட்டனைக் கடித்து விழுங்கிவிடக் கூடாது. அந்தக் குழந்தையை அவன் பார்த்ததில்லை, பார்க்கப் போவதும் இல்லை. ஆனால் பதினெட்டு வருஷமாக அவன் கையைத் தாண்டிப் போன ஒரு பட்டனும் பிய்ந்தது கிடையாது. தைத்ததைப் பிரிப்பது அவனுக்குக் கசாப்புக் கடைக்காரன் வேலை மாதிரி. இருந்தாலும் பையிலிருந்து நூல் பிசிறு வெட்டும் குட்டிக் கத்திரியை எடுத்து, மெரூன் ரெக்சினைத் தடவிப் பார்த்து, புடைப்பு இருந்த இடத்தில் ஓட்டை போட்டான். தையலைப் பிரிக்கவில்லை, பொறுமை இல்லை, நேராகவே கிழித்தான். உள்ளேயிருந்து ஸ்பாஞ்சுத் தூள் கொட்டியது, பூட்டு வெளியே வந்தது, சிவப்பு பட்டன் மின்னுவதில் குறைவில்லை. ஒரு நாளும் யாரும் தொடாத பூட்டு. பெல்ட்டின் நாக்கைச் செருகினான். கிளிக். இவ்வளவு காலம் இருட்டில் கிடந்தும் அது தன் வேலையை மறக்கவில்லை, சூப்பர்வைசர் மறந்துவிட்டார். தூள் மூக்கில் ஏறி நாலு தும்மல் தும்மினான்.

தும்மி நிமிர்ந்தால் முன்கண்ணாடியில் மீசையில்லாத ஒருத்தன் பார்க்கிறான். இன்னும் பழகவில்லை. அந்த மீசை போன கதை வேறு நெஞ்சில் முள்ளாகக் கிடக்கிறது. பத்து நாளைக்கு முன்னால் குழந்தையை முதன்முதலாகப் பார்க்கப் போனார்கள். பச்சை கவுன், நெற்றியில் பெரிய மைப் பொட்டு, மொட்டையடித்து முடி முளைக்கிற தலை. ஆயாம்மா கொண்டுவந்து கொடுத்ததும் வசந்தாமணி மடியில் ஜம்மென்று உட்கார்ந்துகொண்டது, தாலிக்கொடியைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டது. இவள் அழுகிறாள், சிரிக்கிறாள், மூக்கை உறிஞ்சுகிறாள், குழந்தை ஒன்றையும் சட்டை செய்யாமல் கொடியைச் சப்புகிறது. அப்புறம், “நீங்க வாங்கிக்குங்க” என்று அவனிடம் நீட்டினாள். வாங்கினான். குழந்தை அவன் முகத்தைப் பார்த்தது. பார்த்துக்கொண்டே இருந்தது. கீழுதடு மெதுவாகப் பிதுங்கி, வீல் என்று ஒரு அலறல், அந்த இல்லமே திரும்பிப் பார்த்தது. “மீசையப் பாத்தாப் பாப்பாவுக்கு ஆகாதுங்க சார், பழகிக்கும்” என்று ஆயாம்மா வாங்கிக்கொண்டாள். அது போகட்டும், குழந்தை என்றால் அழத்தான் செய்யும். அவனைப் பிடித்து ஆட்டுவது அதில்லை. கையில் எட்டுக் கிலோ இருந்த அந்தக் கொஞ்ச நேரத்தில் அவனுக்குள் ஒன்றுமே வரவில்லை. வரும் என்று சொன்னார்கள், தூக்கினவுடனே உள்ளே என்னவோ உருகும், பால் சுரக்காத மாருக்கும் சுரக்கும் என்று என்னென்னவோ சொன்னார்கள். அவனுக்கு வந்தது பயம். கீழே போட்டுவிடுவோமோ என்கிற பயம் மட்டும். அப்புறம் கண் எங்கே போனது? கவுன் தோளில் ஒரு பட்டன் நூல் விட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது. அங்கே போனது. “இதப் பிச்சுருங்க, வாயில போட்டுக்கும்” என்று ஆயாம்மாவிடம் சொன்னான். காரில் ஏறினதும் வசந்தாமணி பிடித்துக்கொண்டாள். “புள்ள மூஞ்சியப் பாருங்கன்னு குடுத்தா நீங்க பட்டனப் பாக்கறீங்க. அதென்ன கம்பெனிச் சரக்குங்களா?” வீட்டுக்கு வந்த மறுநாள் காலையில் சோப்பைக் குழைத்து மீசையை வழித்துவிட்டான். கம்பெனியே கூடி நின்று சிரித்தது. இப்போது அதிலும் ஒரு சந்தேகம், மீசைக்காரனையாவது ஒரு தரம் பார்த்திருக்கிறது, நாளைக்குப் போய் நிற்கப் போகிறவனை அதற்கு அடியோடு தெரியாதே. மீசைக்காரனுக்கு அழுதது என்றால் சரி, மீசை இல்லாமலும் அழுதால் அப்புறம் எதை வழிப்பது?

சீட்டைப் பின்பக்கம் பார்த்து வைத்து, பெல்ட்டைக் கொண்டுபோய் எந்தத் துளைக்குள் விடுவது என்று பார்த்தான். சிவப்புக் கோடு போட்ட துளை ஒன்று, நீலக் கோடு போட்ட துளை ஒன்று. கடைப் பையன் சொல்லித்தான் கொடுத்தான், எது எதற்கென்று மறந்துவிட்டது. சிவப்பு கண்ணில் பட்டது, விட்டான், பூட்டினான், சீட்டைப் பிடித்து ஆட்டினால் ஊஞ்சல் மாதிரி ஆடியது. கழற்றினான். வியர்வை கண்ணில் இறங்கியது. உள்ளே ஒரே புழுக்கம், ரெக்சின் முழங்காலில் ஒட்டிக்கொண்டு விடமாட்டேன் என்கிறது. சரி நீலம். நீலத்துக்குப் பெல்ட்டு போதவில்லை, பூட்டுக்கு வர இன்னும் கையகலம் வேண்டும் என்றது. இழு என்றால் இழுபடவில்லை. இப்போது இது எட்டாவிட்டால் என்ன? மடியில் வைத்துத்தான் கூட்டிவர வேண்டும். அக்கா போனிலேயே சொல்லிவிட்டாள், “ஏன்டா, நாமெல்லாம் அம்மா மடியிலதான வந்தோம், செத்தா போயிட்டோம்? புள்ளையக் கொண்டாறதுக்கு முன்னால அதுக்குச் சாமானம் வாங்கி வெக்கறது ஆகாதுன்னு உனக்கு யாரும் சொல்லலியா?” ஆகாது. அது ஒரு முள். வயிற்றில் எட்டு மாதமானாலும் ஒரு சட்டைகூட எடுத்து வைக்க மாட்டார்கள் வீட்டில், பிறந்த பிறகுதான் எல்லாம். ஆனால் இது பிறந்துவிட்ட பிள்ளைதானே அக்கா? பிறந்து பதினோரு மாதம் ஆகிவிட்டதே. எனக்கு இன்னும் பிறக்கவில்லை என்கிறாயா? அதைக் கேட்கவில்லை, போனை வைத்துவிட்டான். அக்காவைக்கூடச் சமாளித்துவிடலாம், வசந்தாமணியை எப்படிச் சமாளிப்பது? சீட்டுப் பெட்டியைக் கூடத்தில் வைத்துப் பிரித்தபோது அவள் கேட்டது ஒரே ஒரு கேள்வி. “பாப்பா இதுல உக்காந்து வருமுங்களா? அப்ப நான் எதுக்குங்க வர்றேன்?” இவன் கழுத்து, பிஞ்சு, தலை, லாரி என்று கடைப் பையன் சொன்னதையெல்லாம் ஒப்பித்தான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னாள், “பதினாறு வருசமா இந்த மடி காலியாக் கெடக்குதுங்க. சேலத்துலருந்து இங்க வாற வரைக்குமாச்சும் வெச்சுக்கறன்னு நெனச்சுட்டிருந்தேன். நீங்க பார்சலாட்டம் கட்டி எடுத்தாறப் பாக்கறீங்க.” பார்சலாட்டம். அன்றிலிருந்து அவள் அந்தச் சீட்டைத் திரும்பிப் பார்க்கவில்லை. கூட்டும்போதுகூட அதைச் சுற்றித்தான் கூட்டினாள்.

பெல்ட்டை முழுக்க உள்ளே விட்டு, மெதுவாக, ஒரே சீராக, துணி சுருளிலிருந்து துணி இழுக்கிற மாதிரி இழுத்தான். இப்போது வந்தது. எங்கோ ஒரு முறுக்கு இருந்திருக்கிறது, அவ்வளவுதான், அதற்குள் உலகமே கவிழ்ந்த மாதிரி நின்றுவிட்டான். நீலத்துளை வழியாகக் கொண்டுபோய் இந்தப் பக்கம் எடுத்து, முழங்காலைச் சீட்டுக்குள் ஊன்றி, உடம்புக் கனத்தையெல்லாம் அதில் இறக்கி, பெல்ட்டை இறுக்கிப் பூட்டினான். கிளிக். ஆட்டினான். கார்தான் ஆடியது, சீட் ஆடவில்லை. இதுதான் சந்தோஷப்பட வேண்டிய நேரம். மயில்சாமிக்கு அடுத்த கவலை வந்தது. நிற்கிற காரில் ஆடாது, ஓடுகிற காரில்? சும்மா இருக்கும்போது ஆடாது, எட்டுக் கிலோ உட்கார்ந்தால்? எடை தொங்கவிடாமல் பட்டனை எப்படி பாஸ் பண்ணுவது? பார்சல் என்றாளே, அது சரிதானோ? ஒரு தகப்பன் இந்நேரம் என்ன செய்துகொண்டிருப்பான்? பெயர் யோசிப்பான், பொம்மை வாங்குவான், தொட்டில் கட்டுவான். இவன் எடை யோசிக்கிறான். நாளைக்குக் கையெழுத்துப் போட்டு வாங்கிவந்து, இறுக்கிக் கட்டி, பத்திரமாக வீட்டில் இறக்கி, அப்புறமும் உள்ளே ஒன்றும் வராமலே போய்விட்டால்? காலம் முழுக்க அந்தப் பிள்ளையை ஒரு சூப்பர்வைசர் வளர்ப்பான், ஒரு கீறல் விழாமல், ஒரு பட்டன் பிய்யாமல். அதற்குத் தெரிந்துவிடும். பிள்ளைகளுக்குத் தெரியாதா? பெற்றவனாக இருந்தால் கையில் வாங்கினவுடனே தெரிந்திருக்கும், எனக்குத்தான் பெறுகிற பாக்கியம் இல்லை, உணருகிற பாக்கியமும் இல்லையோ என்று நினைத்தவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு மாடிப்படி ஏறினான்.

“எட்டுக் கிலோ அரிசி வேணும்” என்றான் சமையல்கட்டு வாசலில் நின்று. வசந்தாமணி பருப்பு டப்பாவில் மூடி போட்டுக்கொண்டிருந்தவள் திரும்பினாள். முழங்கால் எல்லாம் ஸ்பாஞ்சுத் தூள், மூக்கு சிவந்து நிற்கிற புருஷனைப் பார்த்ததும் சிரிப்பு வந்ததோ என்னவோ, உதட்டைக் கடித்துக்கொண்டாள். “அரிசி எதுக்குங்க?” “சீட்டுல வெச்சு ஒரு சுத்து ஓட்டிப் பாக்கோணும். அசையுதா இல்லியான்னு.” “பாப்பாவுக்குப் பதிலா அரிசிங்களா?” “ம்.” அவள் மஞ்சப்பையை உதறி எடுத்து, அரிசி அளந்து போட்டு, வாயைச் சுருக்கி நூல் கயிற்றால் கட்டினாள். “தூக்கறேன் குடு” என்றான். “நானே கொண்டாறேன், நானும் வாறேன், வீட்டுக்குள்ளயே இருந்து எனக்கும் மூச்சு முட்டுது” என்று செருப்பை மாட்டினாள். படியிறங்கும்போது பையைக் கையில் தொங்கவிட்டுத்தான் ஆரம்பித்தாள். நாலு படி இறங்கினதும் அது இடுப்புக்கு ஏறிவிட்டது, ஒரு கை அடியில், ஒரு கை முதுகில். அவளுக்கே தெரியாது. மயில்சாமி பார்த்துவிட்டு வேப்பமரத்தைப் பார்த்தான். கார்க் கதவைத் திறந்து, “இதுல வெய்யி” என்று சீட்டைக் காட்டினான். அவள் உள்ளே ஏறி நடுவில் உட்கார்ந்தாள், எப்போதும் நடுவில்தான் உட்காருவாள், இரண்டு முன்சீட்டுக்கும் நடுவே அவளுக்கு ரோடு தெரிய வேண்டும். பையை மடியில் வைத்துக்கொண்டாள். “அதுல வெய்யி வசந்தா.” “போங்க, ஓட்டுங்க. என்ற மடியிலயே இருக்கட்டும். உளுந்துதுன்னாச் சொல்லுங்க அப்புறம்.” “அதுக்கில்ல...” “ஓட்டுங்கன்னா.”

ஓட்டினான். லே அவுட்டுக்குள் இன்னும் வீடு வராத தெருக்கள், இரண்டு பக்கமும் கல் நட்ட மனைகள், சீமைக் கருவேலம், ஒன்றிரண்டு மொபெட். கண்ணாடியில் அவள் தெரிந்தாள், பையைக் கட்டிக்கொண்டு முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு. ஒரு பிரேக் போட்டுக் காட்டினால் போதும். தண்ணித் தொட்டி திருப்பம் வரட்டும், அங்கே வைத்து ஒரு போடு போட்டால் பை போய் எங்கே விழுகிறதென்று அவளே பார்த்துக்கொள்வாள், அப்புறம் பேச்சே இருக்காது. தண்ணித் தொட்டி வந்தது. கால் பிரேக்குக்குப் போனது, கண்ணாடியில் பார்த்தான், அவள் தாடையைப் பையின் மேல் வைத்துக்கொண்டிருந்தாள். முடியவில்லை. அது என்ன மனுஷன் செய்கிற வேலையா, கட்டின பெண்சாதிக்கு உன் மடியை நம்பாதே என்று காட்டுவது? சரி அடுத்த திருப்பத்தில். அடுத்த திருப்பத்திலும் முடியவில்லை. நல்லபடியாகச் சொல்லிப் புரிய வைக்கலாம். சொன்னேனே, எத்தனை தரம் சொன்னேன். அப்போ விட்டுவிடலாமா, அவள் மடியிலேயே வரட்டுமா, எத்தனை பேர் வரவில்லை, மெதுவாக ஓட்டினால் என்ன, ஓரமாகவே ஓட்டினால் என்ன, நாற்பதைத் தாண்டாமல். லாரிக்காரன் நாற்பதா ஓட்டுவான்? தலை தனியாக முன்னால் போகும் என்றான் அந்தப் பையன். அதே நினைப்பில் கருவேல மரத்தடியைத் தாண்டியபோது, மரத்துக்குப் பின்னாலிருந்து ஒரு வெள்ளாட்டுக்குட்டி, எதற்குத்தான் அப்படி துள்ளியதோ, நேராகச் சக்கரத்துக்கு முன்னால் வந்து நின்றது.

கால் எப்போது போனதென்று தெரியாது. டயர் கீச்சிட்டது, உடம்பு ஸ்டியரிங்கில் மோதித் திரும்பியது, கார் நின்று இன்ஜின் அணைந்துவிட்டது. குட்டி ஒரு நிமிஷம் இவர்களையே முறைத்துவிட்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி வாலை ஆட்டிக்கொண்டு அந்தப் பக்கம் போனது. மயில்சாமி திரும்பினான். வசந்தாமணியின் இரண்டு கைகளும் முன்சீட்டுகளின் தோளை இறுக்கிப் பிடித்திருந்தன. இடது கை அந்த சீட்டில், வலது கை இந்த சீட்டில், விரல் வெளுத்துப் போய். அவள் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள், வேறு யாருடைய கையோ போல. “விட்டுட்டேன்” என்றாள். மூச்சு வாங்கியது. “நல்லாத்தானுங்க புடிச்சிருந்தேன். இறுக்கித்தான் புடிச்சிருந்தேன், சாமி சத்தியமா. கையி அதுபாட்டுக்கு இங்க வந்துருச்சு. நான் வுட்டுட்டனுங்க. புள்ளைய வுட்டுட்டேன்.” புள்ளைய என்றாள். பார்த்தியா, நான் சொன்னேனல்ல என்பது இத்தனை நாளாக அவன் நாக்கு நுனியிலேயே உட்கார்ந்திருந்த வாக்கியம். அது எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. அழாதே என்று அவள் தோளைத் தொடலாம் என்று பார்த்தால் இடது கை வரவில்லை. தோள்பட்டையில் சுரீர் என்று ஒரு வலி. எங்கேயோ மாட்டிக்கொண்டிருக்கிறது. வசந்தாமணி அழுகையை நிறுத்திவிட்டுக் கீழே பார்த்தாள். அப்படியே பார்த்துக்கொண்டிருந்தாள். “ஏனுங்க” என்றாள் மெதுவாக. “நீங்க புடிச்சிருக்கீங்க.”

இரண்டு சீட்டுக்கும் நடுவில் அவனுடைய இடது கை பின்னால் நீண்டு போயிருந்தது, தோளைத் திருகிக்கொண்டு. மஞ்சப்பையின் காது இரண்டும் அந்தக் கைக்குள் ஒன்றாகச் சுருண்டிருக்க, எட்டுக் கிலோவும் தரையில் படாமல் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு மணி சிந்தவில்லை. ஸ்டியரிங்கை விட்டுவிட்டு அந்தக் கை எப்போது போயிற்று? யார் போகச் சொன்னது? அவன் ஒன்றும் சொல்லவில்லையே. “அரிசிதான” என்றான். “அரிசின்னு எனக்குந் தெரியும், உங்களுக்குந் தெரியும்” என்றாள் அவள். விரலைப் பிரிக்கப் பார்த்தான், பிரியமாட்டேன் என்றது, இன்னும் இறுக்கிற்று. அவளே ஒவ்வொரு விரலாக எடுத்துவிட்டுப் பையை வாங்கினாள். கொஞ்ச நேரம் நெஞ்சோடு வைத்திருந்தாள். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, திரும்பி, அந்தச் சாம்பல் கலர் சீட்டுக்குள் பையை நிமிர்த்தி உட்கார வைத்து, வாரை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இழுத்துப் பார்த்தாள். பூட்டத் தெரியவில்லை. “இது எப்படி மாட்டறதுங்க? சித்த காட்டுங்க” என்றாள். “நாளைக்கு நாந்தான் மாட்டோணும்.”